நீலக் கோட்டுக்கு வெளியே முப்பத்தாறு வீடு

ஊத்துக்காட்டுப்பாளையம்,
அன்னூர் வழி.
12.11.97, புதன், மத்தியானம்

அன்புக் கண்ணு பிரவீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், தம்பி அருண்குமார் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஐதராபாத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கொண்டேன். உடம்புக்கு என்று மட்டும் எழுதுகிறேன், மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிடித்த மழை இன்னும் விடவில்லை, நடுவில் அரை மணி தூறலாகும், மறுபடி கொட்டும். டெலிபோன் திங்கட்கிழமையே செத்துப்போயிற்று. அன்னூர் போய் எஸ்.டி.டி. பூத்தில் பேசலாம் என்றால் பஸ் இல்லை, இருந்தாலும் நான் சொல்ல வேண்டியதைப் பூத்துக்காரர் காதில் விழும்படி சொல்ல முடியாது. அருண்குமாருக்குக் காலேஜ் லீவு விட்டுவிட்டார்கள், நாள் முழுக்க ரேடியோவைத் திருகிக்கொண்டு கிடக்கிறான். மாடுகளுக்குக் கறவை குறைந்துவிட்டது. துவைத்த துணி நாலு நாளாகக் காயாமல் வீடே ஈர நாற்றம் அடிக்கிறது. உன் கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டினாயா என்று நீ எழுதவே இல்லை, கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டே இருக்காதே.

உன் ஐதராபாத் ஆபீசில் நீங்கள் தயாரித்த வெள்ள வரைபடத்தின் பிரதி ஒன்று நம் ஊருக்கும் வந்து, பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் போன மாதமே ஒட்டியாயிற்று. செயற்கைக்கோள் எடுத்த படத்தின் மேல் நம் குளம், பள்ளம், ரோடு, நீ கையால் குறித்த வீடுகள் எல்லாம் தெரிகின்றன. குளம் நிறைந்து வழியும்போது தண்ணீர் எதுவரை ஏறி நிற்கும் என்று நீ போட்ட நீலக் கோடும் இருக்கிறது. ஓரத்தில் சின்ன எழுத்தில் உன் பெயர். அப்பா எத்தனை பேரைக் கூட்டிப்போய் அந்தப் பெயரைக் காட்டினார் என்று எனக்கே தெரியாது. குளத்தின் மேற்குப் பக்கம் இருக்கும் காலனி, முப்பத்தாறு வீடும், நீலக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. திங்கட்கிழமை மணியகாரர் காலனிக்காரர்களை வரச்சொல்லி அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தி, குடைக் கம்பியால் தொட்டுக் காட்டி, உங்க ஊடெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குது, ஒருத்தரும் பயந்துக்க வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குக் குடிபோகிற வேலையெல்லாம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர்மேல் தப்பில்லை, படத்தில் இருப்பதைத்தான் படித்தார். அந்தக் கோடு தப்பு. அது தப்பானதற்கு நீ காரணமில்லை கண்ணு, நான்.

மே மாதம் நீ லீவில் வந்தபோது லெவல் பார்க்கும் கருவியை முக்காலியில் வைத்து நீ பார்க்க, அளவுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஐந்து நாள் உன்னோடு குளத்தைச் சுற்றியவள் நான். மிஞ்சின தண்ணீர் வழிந்து போகிற கலிங்கின் மேல் கட்டையை நிறுத்தியபோது நீ சொன்னாய், அம்மா ஆடாமப் பிடி, இந்த ஒரு அளவை வைத்துத்தான் மொத்தப் படமும், குளத்துத் தண்ணீர் இதற்கு மேல் நிற்காது, நின்றால் வழிந்து போய்விடும் என்று. அன்றைக்கு அது உண்மைதான். புரட்டாசி முதல் மழையில் குளத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் வந்தது. உடனே அப்பாவும் சுப்பண்ணன் பெரியப்பாவும் ஆள் விட்டு, கலிங்கின் மேல் கல்பலகை நட்டு, பின்னால் மணல் மூட்டை அடுக்கி, இரண்டடி உயர்த்திவிட்டார்கள். இரண்டடி உயர்த்தினால் இரண்டடித் தண்ணீர் கூட நிற்கும், கிணறுகளுக்கு ஊற்று வரும் என்பதுதான் எண்ணம். அதுவும் பொய்யில்லை. பதினோரு வருஷமாகக் குளம் நிறையவில்லை, போர்வெல்லில் எழுநூறு அடிக்குக் கீழே போயும் காற்றுதான் வருகிறது, நம் தென்னையில் பாதி தலை சாய்ந்ததை நீயே பார்த்தாய்.

அக்டோபர் முதல் வாரம் உன் கடிதம் வந்தது. படத்தை முடித்துக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பப் போகிறோம், மே மாதத்துக்குப் பிறகு கரையிலோ கலிங்கிலோ என்ன மாற்றம் செய்திருந்தாலும் எழுது அம்மா என்று அடியில் கோடு போட்டுக் கேட்டிருந்தாய். அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இதை எழுதிப்போட்டயின்னா நாளைக்கே சர்க்காரு ஆளு வந்து பிரிச்சுப்போடுவான், அவ படம் போடறது ஊருக்கு நல்லது பண்றதுக்கா, குளத்தைக் காலி பண்றதுக்கா, எல்லாம் அப்படியே இருக்குதுன்னு எழுதிப்போடு, மழை எங்க வரப்போகுது என்றார். நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் அந்தக் கடிதத்தை அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ஒரு இன்லண்டு எடுத்து, நீ பார்த்துவிட்டுப் போனபடியே எல்லாம் இருக்கிறது என்று எழுதிப் போட்டேன். உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு சண்டை வராமல் தடுத்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. புவியியல் படித்துப் பட்டம் வாங்கியவள் நான், சமஉயரக் கோடு என்றால் என்ன என்று தெரியாதவள் இல்லை. தெரிந்துதான் எழுதினேன்.

திங்கட்கிழமை மணியகாரர் அப்படிச் சொன்னார் என்று கேட்டதும் கணக்குப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். நாம் எடுத்த அளவெல்லாம் அருண்குமாரின் பழைய நோட்டில் இருந்தது, எடுத்துப் பார்த்தேன். காலனிப் பக்கம் தரை ஏறுவதே தெரியாது, நூறடிக்கு ஒரு அடி. அப்படியென்றால் கலிங்கு இரண்டடி உயர்ந்தால் தண்ணீர் நீலக் கோட்டைத் தாண்டி இருநூறு அடி போகும். கோட்டிலிருந்து முதல் வரிசை வீடு நூற்றிருபது அடி. முதல் இரண்டு வரிசையில் பதினான்கு வீடு, அதில் ஒன்பது மண்சுவர். மண்சுவருக்கு வெள்ளம் அடித்துக்கொண்டு வர வேண்டியதில்லை, அடிச்சுவரில் ஒரு ராத்திரி தண்ணீர் நின்றால் போதும், கூரையோடு உட்கார்ந்துவிடும். நேற்றுச் சாயங்காலம் குடையோடு போய்ப் பார்த்தேன். கலிங்கின் பழைய கட்டு தண்ணீருக்குள் போய்விட்டது, மூட்டைகளில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. கல்பலகைச் சந்துகளில் பீச்சிக்கொண்டு வருகிறது. அந்தச் சத்தம் ராத்திரி முழுக்க என் காதில் இருந்தது, குளத்துக்கும் நம் வீட்டுக்கும் அரை மைல், கேட்க வாய்ப்பில்லை, இருந்தாலும் கேட்டது.

இன்று காலை மாரியாத்தாள் சாணி எடுக்க வந்தாள். அவள் வீடுதான் முதல் வரிசையில் முதல் வீடு என்பது உனக்குத் தெரியும். தண்ணி எங்கே நிக்குது என்று கேட்டேன். வாசலுக்கு முன்னால எட்டு எட்டு வெச்சா தண்ணிங்க என்றாள், அதையும் கூரை ஒழுகுகிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். பயமா இல்லையா என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஏனுங்க அம்மணி, நம்ம பாப்பா போட்ட கோடுங்களே, தப்பாப் போகுங்களா, கலிங்குல மூட்டை அடுக்குனதே எம் மூத்த பையன் ஐயாசாமிதானுங்க, நாலு நாளு கூலிக்குப் போனானுங்க, மேல இருந்து ராவும் பகலும் பாத்துட்டே இருக்கற மெசினுக்கு அது தெரியாதுங்களா, மூட்டையையும் பாத்துப்போட்டுத்தானுங்களே கோட்டை அங்க போட்டிருக்கும் என்றாள்.

மூட்டை வைத்தது அவர்களுக்கும் தெரியும், வைத்ததே அவர்கள்தான். பழைய நாளாக இருந்தால் இந்நேரம் அவர்களாகவே தட்டுமுட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போயிருப்பார்கள். போன பெருமழையில் யாரும் சொல்லாமலே போனார்கள். இந்த முறை வானத்திலிருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது, ஆபத்து என்றால் அது கோட்டை நகர்த்திவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் படம் பிப்ரவரி மாதம் ஒரு நாள் காலையில் எடுத்தது என்று நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். குளத்தில் அன்றைக்கு ஆடு மேய்ந்தது. நான் அதை மாரியாத்தாளிடம் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், சொன்னால் அடுத்தபடி நான் உனக்கு எழுதிய பொய்யையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சரி சூதானமா இரு என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது அப்பாவிடம் மூட்டையை எடுத்துவிடச் சொன்னேன். ஐப்பசி முடியப்போகுது, இன்னி ஒரு நாள் பேஞ்சா வெறிச்சுப்போகும், பதினோரு வருசத்துக்கு ஒருக்கா வந்த தண்ணியை எங் கையில தொறந்து விடச் சொல்றயா என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கெஞ்சுவது போலத்தான் சொன்னார். ரேடியோவில் இன்னொரு தாழ்வு மண்டலம் என்கிறார்கள். அதனால் உனக்கு எழுத உட்கார்ந்தேன். இது கையில் கிடைத்ததும் நீ உடனே கலெக்டர் ஆபீசுக்குத் தந்தி

வியாழன், காலை

மேலே பாதியில் நிறுத்தியது ஏன் என்றால், தந்தி என்று எழுதும்போது இந்தக் கடிதம் உன் கைக்கு வர நாலு நாள் ஆகும் என்று நினைத்தேன். தண்ணீர் மாரியாத்தாள் வாசலுக்கு வர ஒரு ராத்திரி போதும். உனக்கு எழுதுகிறேன் என்று பேர் பண்ணிக்கொண்டு, செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. பேனாவை மூடிவிட்டு, செருப்பில்லாமல் சேற்றில் இறங்கிக் காலனிக்குப் போனேன். மணி மூன்றரை இருக்கும்.

கிடைத்தவர்களை ஒரு தாழ்வாரத்தில் கூட்டிச் சொன்னேன். படம் எடுத்தது மாசி மாதம் ஒரே ஒரு நாள், மூட்டை வைத்தது அதற்கப்புறம், கலிங்கை உயர்த்தியது தெரிந்தும் மகளுக்கு மறைத்து எழுதியது நான், உண்மையான கோடு உங்கள் இரண்டாவது வரிசை வீட்டையும் தாண்டிப் போகிறது என்றேன். திட்டுவார்கள் என்று நின்றேன். அப்புறம் மாரியாத்தாள்தான், அப்ப மெசினு மாசியில பாத்துப்போட்டுத் தூங்கப் போயிருச்சுங்களா அம்மணி, நாங்கதான் அதை நம்பி முழிச்சிட்டு உக்காந்திருந்தமுங்க என்றாள். ரெண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மணியகாரர் பள்ளிக்கூடத்தைத் திறக்கத் தயங்கினார். படத்துல இருக்கறதை நான் எப்படீங்க மீறறது, எழுதிக் குடுங்க என்றார். கோடு போட்ட காகிதத்தில், வரைபடத்தில் நீலக் கோடு தவறு, தவறான தகவல் கொடுத்தது நான் என்று எழுதி, ராமாமணி பி.ஏ. என்று கையெழுத்துப் போட்டேன். அதை வாங்கி உன் படத்துக்குப் பக்கத்திலேயே குத்திவிட்டார். உன் பெயரும் என் பெயரும் இப்போது ஒரே சுவரில் இருக்கின்றன. சாவி கிடைத்தது. முதல் இரண்டு வரிசையும் இருட்டுவதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள், ஆடுகளை விட்டு வர மாட்டோம் என்றவர்கள் ஆடுகளோடு.

ஆனால் மூட்டை இருக்கிறதே. ஐயாசாமியிடம் எடுக்கச் சொன்னேன். வெச்ச கைக்கு எடுக்கத் தெரியாதுங்களா, பண்ணாடி ஒரு வார்த்தை சொல்லோணுமுங்க என்றான், அப்பாவைத்தான் சொன்னான். நான் சொல்கிறேனே என்றேன். பின்னாலிருந்து யாரோ, அம்மணி சொல்லு அடுப்பங்கரைக்குச் செல்லும், கலிங்குக்குச் செல்லுங்களா என்றார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, உண்மையைத்தானே சொன்னார்கள். கலிங்குச் சுவரில் ஏறி முதல் மூட்டையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. ஈர மணல் என்ன கனம் கனக்கிறது. மூன்றாவது தடவை இழுக்கும்போது ஐயாசாமி வந்து என் கையை விலக்காமல் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தான். அப்புறம் இன்னும் நாலு பேர். மேல் வரிசை முழுக்க எடுத்தார்கள். இரண்டாவது வரிசை எடுக்கும்போது ஒரு கல்பலகை தானாகவே சரிந்து, தண்ணீர் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. ஐயாசாமி இடுப்பு வரை அதில் போனான். ஒருத்தன் அவன் தலைமுடியைப் பிடித்தான், இன்னொருத்தன் கையை. இழுத்துப் போட்டுவிட்டார்கள். அந்த ஒரு நிமிஷத்தில், என் பொய்யைச் சரிசெய்ய நான் ஒருவனைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

சத்தம் கேட்டுச் சுப்பண்ணன் பெரியப்பா ஓடி வந்தார். பதினோரு வருசத்துத் தண்ணியை ஒரு சாயங்காலத்துல ஊத்திப்போட்டயே அம்மணி, மக அங்க உக்காந்து கோடு போடறா, ஆத்தா இங்க உக்காந்து குளத்தைக் காலி பண்றா, நல்ல படிப்புடா சாமி என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவருடைய மஞ்சள் காடு காய்ந்து கிடந்த வருஷங்கள் எனக்கும் தெரியும். அவருக்குப் பின்னாலேயே அப்பா வந்தார். கரையில் நின்று கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார், நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த ஐயாசாமியைப் பார்த்தார். மீதியை விட்டுருங்கடா, இழுப்பு சாஸ்தியா இருக்குது, ஆளு போயிரும் என்று மட்டும் சொன்னார். இன்று காலை காப்பி டம்ளரை வாங்கும்போது, பாப்பாவுக்கு எழுதிப்போட்டயா என்று கேட்டார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். நாஞ்சொல்லித்தான் நீ அப்படி எழுதுனயின்னு அதையும் எழுது என்றார். எழுதிவிட்டேன். நீ இதற்காக அப்பாவோடு சண்டைக்கு நிற்காதே, அவர் சொன்னார் என்றாலும் பேனா என் கையில்தான் இருந்தது.

விடியற்காலையில் மாரியாத்தாள் வீட்டுப் பின்சுவர் விழுந்துவிட்டது. பேரன் பேத்தி படுக்கிற பக்கம். உள்ளே யாருமில்லை. நான் போய்ப் பார்த்தேன், குளத்துத் தண்ணீர் அங்கே வரவில்லை கண்ணு, இன்னும் இருபதடி தள்ளித்தான் நிற்கிறது. மழையில் ஊறியே விழுந்திருக்கிறது. அதாவது கலிங்கில் மூட்டையே வைக்காமல் இருந்து, உன் கோடு சரியாகவே இருந்திருந்தாலும் அந்தச் சுவர் விழுந்துதான் இருக்கும், வீடு கோட்டுக்கு வெளியே என்று அவர்கள் உள்ளேதான் படுத்திருப்பார்கள். இதை நினைத்தால் மற்ற எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. உங்கள் படத்தில் மண்சுவர் வீட்டுக்கு என்று தனி நிறம் உண்டா. இல்லையென்றால் வையுங்கள்.

இன்னும் ஒன்றிரண்டு சொல்கிறேன், உன் வேலையில் தலையிடுகிறேன் என்று நினைக்காதே. கலிங்கில் இப்போது ஒரு அடி உயரத்துக்கு மூட்டை இருக்கிறது. மழை நின்றதும் அதையும் எடுப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, அடுத்த புரட்டாசிக்கு மறுபடி இரண்டடி வைக்கத்தான் போகிறார்கள், இங்கே மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்தில் எந்தக் குளத்தில் வைக்காமல் இருக்கிறார்கள். அதனால் ஒரு கோடு போடாதே, இரண்டு போடு. மூட்டை இல்லாவிட்டால் இதுவரை, மூட்டை வைத்தால் அதுவரை. படம் எந்தத் தேதியில் எடுத்தது என்பதைத் தமிழில், கண் மங்கினவர்களும் படிக்கிற மாதிரி பெரிதாக எழுது. அதற்குக் கீழே, இந்தத் தேதிக்குப் பிறகு நடந்தது எதுவும் இந்தப் படத்துக்குத் தெரியாது என்றும் எழுது. உன் மேலதிகாரிகள் ஒப்புக்கொள்வார்களா தெரியவில்லை. இந்தக் கடிதத்தையே அவர்களிடம் காட்டு. என்னைக் காப்பாற்றுவதற்காக எதையும் மழுப்பி எழுதாதே, உன் பெயருக்கு ஒரு சொல் வரக்கூடாது. தகவல் கொடுத்தது யார் என்று கேட்டால் என் அம்மா என்று சொல்.

அருண்குமார் இதை அன்னூர் வரைக்கும் நடந்து கொண்டுபோய், அங்கிருந்து கோயமுத்தூருக்கு லாரியோ பஸ்ஸோ எது கிடைத்தாலும் ஏறி, ஆர்.எம்.எஸ். தபாலாபீசில் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பி நிற்கிறான். தரைப்பாலத்தில் தண்ணீர் முட்டிக்கு மேல் இருந்தால் இறங்காதே என்று சொல்லியிருக்கிறேன், கேட்பானோ மாட்டானோ. நீ அங்கே மழையில் வெளியே அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு. கடிதம் கிடைத்ததும் கலெக்டர் ஆபீசுக்கு முதலில் தந்தி கொடு, அப்புறம் எனக்கு ஒரு வரி எழுது. கோபமாக எழுதினாலும் சரி.

எந்த ஊரில் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராமல் அங்காளம்மன் கூடவே இருக்கட்டும். மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது. பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டுபோக வேண்டும். போகிற வழியில் அந்த இருபதடி இன்னும் இருபதடியாகவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உன் அம்மா,
ராமாமணி